சொந்த அச்சகமும் சொந்த சர்வரும்

நம் முன்னோடிகள் நடத்திய பத்திரிகைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவை யாருடைய இயந்திரத்தில் அச்சாயின என்று அதிகம் கேட்பதில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, கட்டணம் தருகிறோம் என்று சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிட ‘கேசரி’ மறுத்தது. அடுத்தவர் பக்கத்தில் நமக்கு இடம் கிடைப்பது அவர் மனம் வைத்தால்தான். அம்பேத்கர் பின்னாளில் பாரத் பூஷண் என்ற சொந்த அச்சகத்தையே நிறுவியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நம் எழுத்தும் ஆவணமும் எங்கே இருக்கின்றன? உண்மையறியும் குழுவின் அறிக்கை கூகுள் டிரைவில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், காயங்களின் புகைப்படம், சாட்சிகளின் கைபேசி எண் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் மறைக்கும் அதே பெயர் இருநூறு பேர் உள்ள ஒரு குழுவில் பிடிஎஃப் கோப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பாதுகாப்புக்கு என்ன மதிப்பு? தனியுரிமை என்பது வசதியானவர்களின் கவலை என்று நம்மில் சிலரே சொல்கிறோம். சாட்சி சொல்லிவிட்டு அதே ஊரில் வாழ வேண்டியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஒரு பிரிண்டரில் தொடங்கிய சண்டை

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கியது. பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், அங்கிருந்தவர்களுக்குக் கணினி வழியே தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய முடியவில்லை. அதன் மூல நிரலை நிறுவனம் கொடுக்கவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், யாருக்கும் தருவதில்லை என ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். நாம் பயன்படுத்தும் கருவியைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் நமக்கு உரிமை உண்டா என்பதே ஸ்டால்மனின் கேள்வி. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் ஜிபிஎல் உரிமம் வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்பது இந்த நான்கு உரிமைகள்தான்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் இதைப் பல ஆண்டுகள் விளக்க வேண்டியிருந்தது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ஜிமெயில் இலவசம், ஆனால் கட்டற்றது அல்ல. அரசு கொடுத்த மிக்சியையும் கிரைண்டரையும் ‘இலவசம்’ என்று ஏளனம் செய்கிறவர்கள், கம்பெனி கொடுக்கும் இலவசத்துக்கு என்ன விலை என்று கேட்பதில்லை.

இந்த இயக்கத்தைக் கும்பிட வேண்டியதில்லை. அது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், வசதியும் நேரமும் இருந்த ஆண்களிடம் தொடங்கியது. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. பெங்களூரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். அங்குள்ள பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுக்கும் குழு இயங்குகிறது. தமிழக அரசின் எல்காட் நிறுவனக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியவர், அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ். அவர் தலித் அதிகாரி என்பது இந்த வரலாற்றைச் சொல்லும்போது விடுபட்டுப் போகிறது.

கணக்கு நம்முடையது, கதவு அவர்களுடையது

2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், பெரிய இணைய நிறுவனங்களிடம் உள்ள தகவல்களை அமெரிக்க உளவு நிறுவனம் எப்படிப் பெறுகிறது என்று காட்டின. அதே ஆண்டு ஆகஸ்டில் லாவாபிட் என்ற சிறிய மின்னஞ்சல் சேவையை அதன் உரிமையாளர் இழுத்து மூடினார். பயனர்களை அரசுக்குக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அதன் பிறகு, தகவலை நம் கையிலேயே வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி நிரலாளர் வட்டத்துக்கு வெளியேயும் பரவியது. கோப்புகளைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவும் நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் வந்தது. யார் வேண்டுமானாலும் தனி சர்வர் நடத்தி, மற்ற சர்வர்களோடு இணைந்துகொள்ளக்கூடிய சமூக வலைத்தளமான மாஸ்டடான் வந்ததும் அதே ஆண்டில்தான்.

நம்மை இது நேரடியாகத் தொட்டது 2019இல். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானபோது, ட்விட்டரில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று தலித் பகுஜன் பயனர்கள் பெரும் பரப்புரை நடத்தினார்கள். பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். சில வாரங்களில் பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். வாசகர்கள் பழைய இடத்திலேயே இருந்தார்கள். மாஸ்டடானிலும் நாம் அடுத்தவர் சர்வரில்தான் குடியேறினோம். கோபத்தில் வீடு மாறியவர்களுக்கு அங்கே சொந்த வீடு கட்டும் ஏற்பாடு இல்லை.

சர்வர் மட்டும் போதுமா?

போதாது. அதே 2019 அக்டோபரில் பெகாசஸ் உளவு மென்பொருள் வாட்ஸ்அப் வழியாகக் கைபேசிகளில் புகுந்தது அம்பலமானது. குறிவைக்கப்பட்டவர்களில் சத்தீஸ்கரின் தலித் உரிமைச் செயல்பாட்டாளர் டிகிரி பிரசாத் சௌஹானும் ஒருவர். 2021 பிப்ரவரியில், பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினியை ஆராய்ந்த அர்சனல் கன்சல்டிங் நிறுவனம், அதில் வெளியாள் ஊடுருவிக் கோப்புகளை வைத்ததாக அறிக்கை தந்தது. கையில் இருக்கும் கருவிக்குள்ளேயே ஒருவர் புகுந்துவிட்டால், சர்வர் யாருடையது என்பதால் பயனில்லை. சொந்த சர்வர் காப்பது வேறொன்றை: கம்பெனியின் விதி மாறினாலும், கணக்கு முடங்கினாலும், நம் ஆவணம் நம்மிடம் இருக்கும். அதை யார் பார்க்கலாம் என்று நாம் முடிவு செய்வோம்.

அதற்கும் உழைப்பு வேண்டும். மென்பொருளைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். மின்வெட்டு வரும். வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றுக்குத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. சொந்த மின்னஞ்சல் சர்வரிலிருந்து போகும் கடிதங்கள் பெரிய நிறுவனங்களின் ஸ்பேம் பெட்டியில் விழும். ஆகவே மின்னஞ்சலில் தொடங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் எதையும் வைக்கக் கூடாது. 2016 ஜூனில் மும்பை தாதரில் அம்பேத்கர் பவன் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்த அம்பேத்கரின் அச்சகமும் சேர்ந்து இடிபட்டது. அச்சகத்துக்குப் பிரதி எடுக்க வழியில்லை. கோப்புக்கு உண்டு. இரண்டு நகல், அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில்.

பரணில் கிடக்கும் மடிக்கணினி

2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் கணினியே அதுதான். இன்று அது வேகம் இல்லாமல் பரணில் கிடக்கும். அதைத் துடைத்து, டெபியன் லினக்ஸும் நெக்ஸ்ட்கிளவுடும் நிறுவினால், பத்துப் பேர் கொண்ட வாசகர் வட்டத்துக்கு ஆவணக் காப்பகமாக அது போதும். முதலில் இணையத்தில் திறந்துவிட வேண்டாம். படிப்பகத்தின் வைஃபைக்குள் மட்டும் ஓடட்டும். தொலைபேசிப் பேச்சுக்கு சிக்னல், கடவுச்சொற்களுக்கு கீபாஸ், கடிதம் தட்டச்சு செய்ய லிப்ரே ஆபிஸ் என்று ஒவ்வொன்றாகப் பழகலாம். எல்லாமே கட்டற்ற மென்பொருள்.

இதை ஒருவர் தலையில் கட்டக் கூடாது. கணினி தெரிந்த ஒரு தோழர் வேலை கிடைத்து வெளியூர் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். குறைந்தது மூன்று பேர் கற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். முதல் வேலையாக, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சாட்சிகளின் பெயரும் எண்ணும் உள்ள கோப்புகள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.