சிவப்பு, கறுப்பு, மண்ணிறம்: இங்கிலாந்து வீட்டு வயரிங்கின் கதை



எங்கள் உரையாடல் நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் சில பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை பல்கலைக்கழகம் வேண்டாமாம், இலெக்ற்றீசியன் வேலை பழகப் போறானாம். விடலாமோ?" கணக்காளன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலும். வரிப் படிவங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதற்குப் பதில் சொல்வது சுலபம்: தாராளமாக விடுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை முதலாம் ஆண்டில் கையில் எடுக்கும் வயருக்கும் பிளக்குக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் பழைய வீட்டுச் சுவரைத் திறப்பது உயிராபத்து. அந்த வரலாற்றைத்தான் இம்மாதம் பேசப்போகிறேன்.

சரே மாவட்டத்தின் கொடால்மிங் என்ற சிற்றூரில் 1881 இல் பொதுமக்களுக்கான மின்விநியோகம் ஆரம்பமானது. அடுத்த ஆண்டே, 1882 இல், தந்தி மற்றும் மின் பொறியியலாளர் சங்கம் வயரிங் விதிகளை வெளியிட்டது. மின்விளக்கினால் வீடு தீப்பற்றாமல் இருப்பதற்கான விதிகள் என்பதே அதன் தலைப்பின் சாரம். அன்று பெரிய பயம் நெருப்புத்தான். இன்று மாணவர்கள் சுமக்கும் தடித்த புத்தகம், 2018 இல் வெளிவந்து பின்னர் திருத்தங்களும் கண்ட 18ஆவது பதிப்பு, அந்த விதிகளின் நேர் வாரிசு.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகளில் 2, 5, 15 அம்பியர் என மூன்று அளவு வட்டக்கால் பிளக்குகள் இருந்தன. யாழ்ப்பாணத்து வீடுகளில் நாம் கண்ட வட்டக்கால் பிளக்குகளும் அதே வம்சம்தான். பெரிய சொக்கெற் ஒவ்வொன்றுக்கும் பியூஸ் பெட்டியிலிருந்து தனித் தனியாக வயர் இழுப்பது வழக்கம். செம்பு தாராளமாகக் கிடைத்தவரை அது சரி.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, குண்டு விழுந்த நாட்டை எப்படித் திரும்பக் கட்டுவது என்று ஆராய அரசாங்கம் குழுக்களை அமைத்தது. மின்சாரக் குழுவின் அறிக்கை 1944 இல் வெளியானது. செம்புத் தட்டுப்பாடு. கட்டவேண்டிய வீடுகளோ ஏராளம். அவர்கள் கண்ட வழி வளையச் சுற்று. பெட்டியிலிருந்து புறப்படும் ஒரே கேபிள் எல்லாச் சொக்கெற்றுகளையும் தொட்டுக்கொண்டு திரும்பவும் பெட்டிக்கே வந்து சேரும். மின்சாரம் இரண்டு பக்கத்தாலும் வருவதால், ஓரளவு மெல்லிய கேபிளே 30 அம்பியர் சுற்றுக்குப் போதும். ஆனால் மேசை விளக்கின் மெல்லிய வயரை 30 அம்பியர் பியூஸ் காப்பாற்றாது. ஆகவே பிளக்குக்குள்ளேயே ஒரு சின்னப் பியூஸ் வைத்தார்கள். 1947 இல் நியமமான, இன்றும் நாம் பாவிக்கும் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கின் பிறப்பு இதுதான்.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹஸ்லெற். 1919 இல் பெண் பொறியியலாளர் சங்கத்தின் முதல் செயலாளராகி, 1924 இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றவர். வீட்டு வேலையின் பாரத்தை மின்சாரம் குறைக்கும் என்று நம்பினார். சொக்கெற் துவாரத்தில் குழந்தை விரலையோ கம்பியையோ விடாதபடி உள்ளே ஒரு மூடி இருக்கிறதல்லவா? நீளமான எர்த் கால் உள்ளே போனால்தான் அது திறக்கும். சிறு குழந்தைகளின் பாதுகாப்பை அந்தக் குழு முக்கிய நிபந்தனையாக வைத்ததன் பலன் அது. 1957 இல் இறந்த அம்மையார், தன் உடலை மின்சாரத்தால் தகனம் செய்யவேண்டும் என்று உயில் எழுதி வைத்தாராம்!

வளையச் சுற்றில் ஒரு வில்லங்கம் உண்டு. வளையம் எங்காவது அறுந்தாலும் கேத்தில் கொதிக்கும், தொலைக்காட்சி ஓடும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கக் கேபிள் மட்டும் முழுப் பாரத்தையும் சுமந்து சுவருக்குள் சூடாகிக்கொண்டிருக்கும். வணிகவியல் படித்தவர்களுக்குப் பரீட்சை மீதி ஞாபகம் வரும். இரு பக்கமும் சமன் வந்தாலும் உள்ளே பிழை ஒளிந்திருக்கலாம். அதனால்தான் வளையத்தின் இரு முனைகளையும் கழற்றி அளந்து பார்க்கும் சோதனையைப் பழகுபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள்.

எங்கள் தலைமுறைக்கு இந்த அறிவு வாய்க்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1990 இல் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட நாங்கள், சுவிச்சைப் போட்டால் லைற் எரிகிற நாட்டுக்கு வந்ததும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவேயில்லை.

கேட்கவேண்டிய முக்கிய விடயம் நிறம். இங்கே வீட்டுச் சுவருக்குள் நெடுங்காலம் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூற்றல். ஐரோப்பாவோடு ஒத்துப்போவதற்காக 2004 இல் மண்ணிறமும் நீலமும் வந்தன. 2006 ஏப்ரல் முதல் புதிய வேலைகளுக்கு அவை மட்டுமே. சாதாரண வீட்டில் இது பெரிய குழப்பமில்லை. மும்முனை மின்சாரம் உள்ள இடத்தில்தான் வில்லங்கம். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உயிர், கறுப்பு நியூற்றல். புதிய முறையில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் மூன்றும் உயிர், நீலம் நியூற்றல். கறுப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன! குளிர் அறை வைத்திருக்கும் எங்கட ஆட்களின் கடைகள், உணவகங்கள் பலவற்றில் மும்முனை மின்சாரம் இருக்கிறது. 2004 இற்கு முன் வயரிங் செய்து பிறகு பெருப்பித்த கடையில் ஒரு கறுப்பு வயரைக் கண்டால், அது எது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஆகவே பழகும் பிள்ளைக்கு முதலில் கற்பிப்பது வயர் இழுப்பதை அல்ல, மின்சாரத்தை நிறுத்துவதை. சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று தெரிந்த மின்சாரத்தில் பார்க்கவேண்டும். நிறுத்திய சுற்றைச் சோதிக்கவேண்டும். பிறகு கருவியைத் திரும்பவும் தெரிந்த மின்சாரத்தில் பார்க்கவேண்டும், இடையில் அதுவே பழுதாகியிருக்கலாம் என்பதால். நிறுத்திய சுவிச்சுக்குப் பூட்டு. சாவி வேலை செய்கிறவரின் சட்டைப்பையில். கடை வைத்திருக்கும் நேயர்களே, குளிர்ப்பெட்டிக்குள் பால் பழுதாகிறது என்று நீங்கள் அவசரப்படுத்தினாலும் வேலை முடியும்வரை அந்தச் சாவியை அவர் தரமாட்டார்.