செக்கர்போர்டு: ஓர் ஆட்டப்பலகைச் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

இரு நிறக் கட்டங்கள் மாறி மாறி அமைந்த ஆட்டப்பலகை ஆங்கிலத்தில் 'செக்கர்போர்டு' எனப்படும். தமிழில் இதனைச் 'சதுரங்கப் பலகை' எனப் பெயர்ப்பர். ஆயின் கணக்கு, வங்கி, நிலம் ஆகிய துறைகளில் இச்சொல்லும் இதன் கிளைச்சொற்களும் வழங்குமிடத்து அப்பெயர்ப்புப் பொருந்துவதில்லை. அதற்கான காரணம் அச்சொல்லின் வரலாற்றில் உள்ளது.

அரசனும் பலகையும்

எண்கட்டப் பலகை இந்தியாவில் 'அட்டாபதம்' என்னும் பெயரால் தொன்றுதொட்டு அறியப்பட்டது. பதஞ்சலியின் மகாபாடியம் அதனைச் சுட்டுகிறது. வான்மீகி இராமாயணத்தின் பால காண்டம் அயோத்தி நகரின் அமைப்பிற்கு அப்பலகையை உவமையாக்குகிறது. பழைய இந்தியப் பலகையின் கட்டங்கள் ஒரே நிறத்தன. இரு நிறம் மாறிவரும் வழக்கம் ஐரோப்பாவில் கி.பி. 1000ஐ ஒட்டித் தோன்றியது.

இந்தியச் 'சதுரங்கம்' என்னும் பெயர் நாற்படையைக் குறித்தது. அவ்வாட்டம் பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்றபோது, ஐரோப்பிய மொழிகள் பல அரசன் பெயரையே ஆட்டத்தின் பெயராகக் கொண்டன. பாரசீக 'ஷா' இலத்தீனில் 'ஸ்காக்கஸ்' ஆயிற்று. அதனடியாகப் பலகையைக் குறிக்கும் 'ஸ்காக்காரியம்' பிறந்தது. அது பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் 'செக்கர்', 'எக்ஸ்செக்கர்' என இரு வடிவம் பெற்றது. அரசனுக்கு விடுக்கும் தாக்குரையான 'செக்' என்பதினின்று தடுத்தல், சரிபார்த்தல் ஆகிய பொருள்கள் விரிந்தன.

கணக்கு மேசை

இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில் அரசிறைக் கணக்கு ஒரு மேசைமேல் பார்க்கப்பட்டது. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் எழுதிய 'எக்ஸ்செக்கர் உரையாடல்' என்னும் இலத்தீன் நூல் அம்மேசையை விவரிக்கிறது. அது சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. அதன்மேல் கோடிட்ட கருந்துணி விரிக்கப்படும். பென்னி, ஷில்லிங், பவுண்டு, அதற்கு மேற்பட்ட தொகைகள் என ஒவ்வொரு பத்தியிலும் வில்லைகள் வைத்துக் கணக்கிடப்படும். மாவட்ட அதிகாரியாகிய ஷெரீஃபுக்கும் கருவூலத் தலைவருக்கும் இடையே அங்கு நிகழும் வாதம் சதுரங்கப் போரை ஒத்தது என்று அந்நூல் பெயர்க்காரணம் கூறுகிறது. மேசையின் பெயர் அலுவலகத்திற்கும், பின்னர் ஒரு நீதிமன்றத்திற்கும் ஆகிவந்தது. கோடிட்ட துணி மறைந்த பின்னும் பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப்பெயரில் 'எக்ஸ்செக்கர்' நிலைத்துள்ளது.

காசோலையும் நிலமும்

18ஆம் நூற்றாண்டில் மோசடியைத் தடுக்கும் அடிக்கட்டையைக் குறித்த 'செக்' என்னும் சொல், பின்னர்ப் பணம் தரும் ஆணைத்தாளுக்கு ஆயிற்று. 'எக்ஸ்செக்கர்' என்பதன் சாயலால் பிரித்தானிய எழுத்துக்கூட்டு மாறியது. அமெரிக்கர் பழைய வடிவையே கொண்டுள்ளனர். இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதனை வரையறுத்தது. தமிழில் வழங்கும் 'காசோலை' சதுரங்கத்தை நினைவூட்டாமலே பொருளைத் தெளிவாக உணர்த்துவது கருதத்தக்கது.

அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் பசிபிக் இருப்புப்பாதைச் சட்டம் பாதையின் இருமருங்கிலும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலப்பகுதிகளை இருப்புப்பாதைக் குழுமங்களுக்கு வழங்கியது. ஒவ்வொரு பகுதியும் 640 ஏக்கர். இடைப்பட்டவை அரசிடமே எஞ்சின. இவ்வுடைமை முறையும் 'செக்கர்போர்டு' எனப்படுகிறது. இங்கு ஆட்டம் இல்லை. மாறிவரும் ஒழுங்கு மட்டுமே உண்டு.

தமிழ் ஒப்புமை

இத்தகைய பொருள் விரிவு தமிழுக்குப் புதிதன்று. வட்டாடுதற்குக் கீறிய கட்டத்தைக் குறள் 401 'அரங்கு' என்கிறது. கல்லாதவன் அவையில் பேசுதலுக்கு அரங்கில்லா ஆட்டத்தை உவமையாக்குகிறது. சிலப்பதிகாரத்தில் 'அரங்கு' ஆடல்மேடை. இன்று அது கருத்தரங்கிலும் வழங்குகிறது.

முடிவுரை

ஒலிபெயர்ப்பு இங்குத் துணைசெய்யாது. தமிழில் 'செக்கர்' என்பது செவ்வானம். ஒரே பெயர்ப்பும் போதாது. ஆட்டத்திற் சதுரங்கப் பலகை, அரசிறையிற் கருவூலம், வங்கியிற் காசோலை, நிலவுடைமையில் ஒன்றுவிட்ட சதுரப் பகுப்பு எனத் துறைதோறும் சொல் வேறுபடல் வேண்டும். ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர் சொல்லின் உருவத்தை விடுத்து, அது ஆற்றும் பணியை நோக்குதல் வேண்டும் என்பதை இச்சொல்வரலாறு உணர்த்துகிறது.