எதிர்ப்படம் இல்லாத புகைப்படம்
1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டக் குடும்பங்களும் பிளவுண்டன. போவோருக்கும் இருப்போருக்கும் ஒரே புகைப்படத்தின் பிரதிகள் தேவைப்பட்டன. நெகட்டிவ் எனும் எதிர்ப்படமே அதற்கு வழி என்பதை நாம் கருதவேண்டும்.

1972 இல் போலரொயிட் நிறுவனம் வெளியிட்ட மடிப்புக் கமராவில் அவ்வழி இல்லை. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும். ஒளியுணர்கலம் வெளிச்சத்தை அளந்து ஒளிமூடியை அடைக்கும். படப்பொதியிலேயே அடங்கிய 6 வோல்ற்று மின்கலத்தால் இயங்கும் மோட்டார் தாளை இரு உருளைகளுக்கிடையே தள்ளும். விளிம்புப் பையிலுள்ள இரசாயனக் குழம்பு பிதுங்கிப் பரவ, சில நிமிடங்களில் படம் தெளியும். எதிர்ப்படம் அத்தாளுக்குள்ளேயே புதைந்துவிடும்.

செல்வர் வீட்டு விருந்துக்கு இது குறையன்று. தலைமன்னாரில் பிரிந்த உடன்பிறப்புகளுக்கோ, பட்டணத்து ஸ்ரூடியோவின் பழைய கமராவே மேலானது: எதிர்ப்படம் இருக்கும்வரை பிரதி எடுக்கலாம்.