நெடுந்தீவு

இலங்கையின் வடக்கே, பாக்கு நீரிணையில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள தீவு. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரின் பெயரைச் சூட்டி ‘டெல்ஃப்ட்’ என்றனர். மற்ற தீவுகளுக்கு வைத்த பெயர்கள் மறைந்துவிட, இது மட்டும் நிலைத்தது.

முருகைக்கல் (பவளப்பாறை) தீவு என்பதால் வேலிகளும் அதே கல்தான். சாந்து பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சாம்பல்நிறச் சுவர்கள்; இடுக்குகளில் காற்று புகுந்து செல்லும். ஒல்லாந்தர் கோட்டை எனப்படும் இடிபாடும் இக்கல்லால் ஆனதே. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளிகளில் கட்டுக்காவலின்றி மேய்கின்றன. கோடையில் அவை தண்ணீருக்கு அலைவதையும் பயணி பார்க்க நேரும். உள்ளே ஆள் நுழையும் பொந்துள்ள பெருக்குமரம் ஒன்றும் உண்டு. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவானது.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். காற்றுக் காலத்தில் கடல் குலுக்கும். அப்படகுகளில் ஒன்றான ‘குமுதினி’யில் 1985 மே 15 அன்று 20க்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். கடற்கரையின் அழகை மட்டும் பேசும் சுற்றுலா ஏடுகள் இதை விட்டுவிடுவது சரியல்ல.

தமிழ்நாட்டில் ஏற்காட்டு அடிவாரக் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற உள்நாட்டு ஊர்க்காரர்களுக்கு, இலங்கைக்கு வர 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஒரு வழி. பருவமழையில் அது நிற்கும். சென்னை–யாழ்ப்பாணம் விமானமும் உண்டு. கடவுச்சீட்டு கட்டாயம். தீவுக்குள் சுற்ற ஆட்டோ அல்லது சைக்கிள் போதும். மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.