கல்வெட்டு முதல் கணினித் திரை வரை

நிலத்தை அளந்து எழுதி வைக்கும் வழக்கம் நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. முதலாம் இராசராசன் கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டிச் சோழநாட்டை அளக்கச் செய்தான். முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய பின்னங்களாலும் நிலப்பரப்பைக் குறித்த கல்வெட்டுகள் உள. கோயிலுக்கு நிலம் அளித்தபோது அதன் நான்கு எல்லைகளையும் சுவரிலே பொறித்தனர். யாவரும் காணும் இடத்தில் ஆவணம் நின்றது. ஆயினும் சுவரேறியவை பெரும்பாலும் கொடை நிலங்களே. எளிய உழவனின் வயல் அங்கு இடம்பெறவில்லை.

அவ்வயலும் கணக்கில் ஏறியது பிற்காலத்தில். 1792-இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயிற்று. அங்கே அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேராகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். நாளடைவில் ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் வந்தது. பட்டா, சிட்டா, அடங்கல் என்னும் பெயர்கள் வீடுதோறும் வழங்கலாயின. ஆனால், கணக்கேடு இருந்த இடம் எது? பரம்பரைக் கணக்குப்பிள்ளையின் பெட்டி! தன் நிலத்தைப் பற்றி அறிய உழவன் பிறர் வாயிலில் நிற்க நேர்ந்தது. 1980-இல் அப்பரம்பரைப் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது.

இன்றோ மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் குறித்தால், பட்டாவும் புலப்படமும் கணினித் திரையில் தோன்றுகின்றன. வீடு கட்டும் அனுமதியும் இவ்வழியே வருகிறது. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்டுவோர், தாமே உறுதியளித்து இணைய வழியில் அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பெற்றது.

இவ்வளவும் இருந்தும் ஓர் இடர் உண்டு. என்னிடம் பயின்ற ஒருவர், வீடு கட்ட எண்ணித் தம் மனையின் பட்டாவைத் திரையில் கண்டார். அதில் இருந்ததோ காலஞ்சென்ற பாட்டனார் பெயர்! இரு தலைமுறையாக யாரும் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கவில்லை. பங்காளிகள் நால்வரையும் ஒருங்கே கூட்டி ஒப்புக்கொள்ளச் செய்தபின்னரே அவர் விண்ணப்பிக்க முடிந்தது. கருவி ஏட்டிலுள்ளதைக் காட்டும். ஏட்டிலுள்ள பிழையைத் தானே திருத்தாது. மேலும், பட்டா வருவாய்த்துறைக் கணக்கே. உரிமையை அறியப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின், மாணவர்களே, பள்ளியில் பரப்பளவு கணக்கிடக் கற்ற நீங்கள், உங்கள் வீட்டு மனையின் புலப்படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதன் அளவுகளை நாடாவினால் ஒத்துப் பாருங்கள். பட்டாவில் யார் பெயர் உள்ளதெனப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். ஏட்டைத் தேடி நெடுந்தொலைவு நடந்தவர் உங்கள் பாட்டனார். அதை வீட்டிலிருந்தே படித்தறியும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டியிருக்கிறது.