பவளம் ஏன் செத்தது? - ஒரு துப்பறியும் வரலாறு

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது பாவூர்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர் போன இந்த ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது! குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகள்.

பவளத்தைக் கடலில் மட்டுமல்ல, வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். பல நாடுகளில் இது பெரிய பொழுதுபோக்கு. ஆனால் ஒரு சிக்கல். ராத்திரி நிறமாக விரிந்திருந்த பவளம் காலையில் பார்த்தால் வெள்ளை எலும்பாக நிற்கும். மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும். தண்ணீரும் தெளிவாக இருக்கும். பிறகு ஏன் செத்தது?

தொட்டிக்காரர்களைக் குழப்பிய இதே கேள்வி மன்னார் வளைகுடாவிலும் எழுந்தது. இரண்டு இடத்திலும் விடை கிடைத்த வரலாறு ஒன்றுபோலவே இருக்கிறது.

பவளம் கல்லா, செடியா?

இரண்டும் இல்லை. பவளம் ஒரு விலங்கு. பாலிப் என்ற மெல்லிய சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரில் உள்ள கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் பழுப்புநிறம் பெரும்பாலும் இந்தப் பாசியால் வருவதுதான்.

1928-29ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு மாரிஸ் யங் தலைமையில் பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று போனது. பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். பவளம் தன் பாசியை வெளியே தள்ளியது. சூடு அதிகமானாலும் அப்படியே. ஆனாலும் பாசி பவளத்துக்குச் சோறு போடுவதில்லை, கழிவை அகற்ற மட்டுமே உதவுகிறது என்று யங் முடிவு கட்டினார்.

அது தவறு! 1958ல் மஸ்கட்டைன், ஹேண்ட் என்ற இருவர் பவளத்தின் உறவினமான கடல் சாமந்தியில் கதிரியக்கக் கார்பனை வைத்துச் சோதித்தார்கள். பாசி தயாரித்த உணவு விலங்கின் உடம்புக்குள் போவது தெரிந்தது. வெளிச்சம் போதாத தொட்டியில் பவளம் ஏன் பட்டினி கிடந்து சாகிறது என்பதற்கு விடை இதில் இருந்தது.

ஒரு கை சுண்ணாம்பு

கடல்மீன் தொட்டிகள் இதற்கு நூறு வருஷம் முன்பே வந்துவிட்டன. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853லும், நம் சென்னை மெரினாவில் 1909லும் மீன் காட்சியகங்கள் திறக்கப்பட்டன. மீன் பிழைத்தாலும், பவளத்தைத் தொட்டியில் நெடுநாள் வளர்ப்பது எட்டாக்கனியாகவே இருந்தது.

1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தன் முறையை ஒரு அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். ரொம்ப எளிமையான முறை. கடலிலிருந்து உயிரினங்கள் ஒட்டிய பாறைகளையே எடுத்துத் தொட்டியில் வைத்தார். நல்ல கடல்நீர், சூரிய வெளிச்சம், கொஞ்சம் காற்றுக்குமிழ். அவ்வளவுதான்! பாறையில் குடியிருந்த பாக்டீரியாக்கள் தண்ணீரைச் சுத்தம் செய்தன. 

அடுத்து ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் தொட்டியில் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றச் சொன்னார். பவளம் கூடு கட்டக் கட்ட, தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் குறைந்துகொண்டே போகும். சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கடலில் அந்தக் கவலை இல்லை. ஆக, பவளம் செத்ததற்கு ஒரு காரணம் நோய் அல்ல, சுண்ணாம்புப் பஞ்சம்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் பவளம் வளர்க்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் கடற்கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளங்களில் கரைக்குக் கொண்டுவந்து, காளவாசலில் சுட்டார்கள். கட்டடக் கல்லாகவும் போனது. அலையைத் தடுத்த பாறை போனதும் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 21 தீவுகளில் தண்ணீருக்கு மேலே மிஞ்சியவை 19.

1986ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு! 2004 சுனாமிக்குப் பிறகு, தடுப்புச்சுவராக நின்ற பாறையின் அருமை கரையோர மக்களுக்கும் புரிந்தது. வெட்டுவது ஓய்ந்தது.

வெட்டாமலே செத்தது எப்படி?

வெட்டுவது நின்றால் சாவும் நிற்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை.

1998ல் எல் நினோவால் உலகக் கடல்கள் சூடேறியபோது மன்னார் வளைகுடாவின் பவளங்களும் வெளுத்தன. யங் குழு பெட்டியில் பார்த்த அதே காட்சி, இப்போது கடல் முழுக்க! வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். தணியாவிட்டால் பட்டினிதான்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தினர் வருஷா வருஷம் முங்கிப் பார்த்துக் கணக்கு எடுத்தார்கள். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் கோடையில் வெளுப்பு தொடங்குவதும், பிறகு தேறுவதும் அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. 2010ல் அடி பலமாக விழுந்தது. 2016ல் அதைவிட மோசம். உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. முந்தைய கணக்கு கையில் இருந்ததால்தான் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது.

பிறகு 2019 செப்டம்பர். பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிள் தீவைச் சுற்றிப் பவளங்களும் செத்தன. வெயில் காரணமா? இல்லை, வெளுப்பு சூட்டில் வரும் விதமாக இல்லை. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகி மடிந்திருந்தது. தண்ணீரைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. கரைந்திருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே! பவளம் மூச்சுத் திணறிச் செத்திருந்தது. அதிலும் வேகமாக வளரும் கிளைப்பவளங்களுக்குத்தான் அதிக அடி.

வீட்டுத் தொட்டியிலும் இதே கதை நடக்கும். ராத்திரி கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டால், வெளிச்சம் இல்லாததால் பாசியும் ஆக்சிஜன் தராது. எல்லா உயிரும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கரண்ட் வந்திருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், காரணம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஒளிந்திருந்த புழு

இன்னொரு மர்மம் தொட்டிகளில் நெடுநாள் நீடித்தது. வெளிச்சம் சரி, சூடு சரி, சுண்ணாம்பும் சரி. ஆனால் மான்கொம்புப் பவளம் மட்டும் அடியிலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வரும். பவளத்தை வெளியே எடுத்து மருந்துநீரில் குலுக்கிப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த தட்டைப்புழுக்கள் உதிர்ந்தன! 2011ல் அதற்கு அமகுசாபிளானா அக்ரோபோரே என்று அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. தொட்டியில் மட்டுமே தெரிந்திருந்த அந்தப் புழு இயற்கையான கடலில் இருப்பது 2012ல்தான், ஆஸ்திரேலியப் பவளத்திட்டில், பதிவானது. கண்ணாடித் தொட்டி கடலுக்கே பாடம் சொன்ன இடம் இது.

வரலாறு சொல்லும் பாடம்

மேலே பார்த்த ஒவ்வொரு சாவிலும் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, உண்மையான காரணம் வேறொன்று. தண்ணீர் தெளிவாக இருப்பது நல்ல தண்ணீர் என்பதற்குச் சாட்சி அல்ல. மீனுக்குப் போட்ட தாமிர மருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பவளத்தைக் கொல்லும். அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால், எது கொன்றது என்பதும் தெரியாது, எது காப்பாற்றியது என்பதும் தெரியாது. சூடு, உப்பு, காரத்தன்மை, ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றாக அளந்து, தேதி போட்டு எழுதி வைத்தவர்களுக்கே விடை கிடைத்திருக்கிறது. பெர்லினில் ஒரு வீட்டுத் தொட்டியானாலும் சரி, தூத்துக்குடிக் கடலானாலும் சரி.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தொட்டியில் தவறு செய்தால் தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். கடலுக்கு மாற்றுத் தண்ணீர் கிடையாது. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தை வீட்டுக்கு எடுத்துவருவதும் சட்டப்படி குற்றம்தான். மூழ்கிய இரண்டு தீவுகளும் இதுவரை திரும்பி வரவில்லை.

அடுத்த முறை குற்றாலத்தில் சீசன் களைகட்டி அருவியில் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள். தலையில் விழும் அந்தத் தண்ணீரும், அதில் நாம் போடும் குப்பையும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒரு பவளத்தின் வீடு!