சின்னம்மையும் சிற்றூர் மருத்துவரும்

சின்னம்மை கண்ட குழந்தை இரண்டொரு வாரங்களில் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுகிறது. வீட்டாரும் அதனை மறந்துவிடுகின்றனர். ஆனால் அந்நோயின் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. உள்ளேயே ஒளிந்து கிடக்கிறது. இதனை மனிதர் கண்டறிந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சின்னம்மையும் வைசூரியும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1767இல் தெளிவாக எடுத்துரைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். இது வெறும் பெயராராய்ச்சியன்று. சின்னம்மையை வைசூரியென மயங்கியவர், 'இனி நமக்கு வைசூரி வாராது' என்று அச்சமற்றிருப்பார்; பின்னர் மெய்யான வைசூரி வந்து அவரை மாய்த்துவிடும். எனினும், சின்னம்மையும் முற்றிலும் சாதுவானதன்று. வளர்ந்தவர்களுக்குக் கண்டால் நுரையீரலைத் தாக்குவதுண்டு. சிலபோது மூளையில் அழற்சி உண்டாகும். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்குக் கண்டால், அரிதாகவேனும், சிசுவுக்கு ஊனம் நேரலாம்.

நம் நாட்டில் அக்கி என்றொரு நோயை அறிவோம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வார் கட்டியதுபோலக் கொப்புளங்கள் தோன்றித் தீயாய் எரியும். குயவரிடம் சென்று காவிமண்ணால் 'அக்கி எழுதிக்கொள்ளும்' வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கொப்புளம் தானாகவே ஆறிவிடும். புகழ் காவிமண்ணுக்குப் போய்ச் சேரும்! ஆனால் புண் ஆறிய பின்னும் முதியோர் சிலர்க்கு நரம்புவலி மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது. நெற்றியிலும் கண்ணிலும் வந்தால் பார்வைக்கே கேடு.

இந்த அக்கிக்கும் சின்னம்மைக்கும் உறவுண்டோ என்று ஐயுற்றவர், புடாபெஸ்ட் நகரக் குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வீட்டில் பெரியவர் ஒருவர்க்கு அக்கி கண்ட சில நாள்களில் அதே வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்னம்மை காண்பதை அவர் கவனித்தார். 1909இல் அதனை விரித்து எழுதினார். இதற்கிடையே 1900இல் ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்னும் இரு மருத்துவர்கள், அக்கி கண்டு இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, முதுகுத்தண்டை அடுத்துள்ள நரம்பு முடிச்சுகள் சிதைந்திருப்பதைக் காட்டினர். 1950களில் பாஸ்டனில் தாமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புள நீரிலிருந்தும் கிருமியை எடுத்து ஆய்வுச்சாலையில் வளர்த்தார். இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

அப்படியானால் அக்கி பிறரிடமிருந்து தொற்றி வருகிறதா, அல்லது பழைய கிருமியே மீண்டும் எழுகிறதா? இவ்வினாவைப் பற்றிக்கொண்டவர் பெரும் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் மருத்துவம் பார்த்துவந்த எட்கர் ஹோப்-சிம்சன். 1953இல் அவர் ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்தைச் சேர்ந்த யெல் தீவுக்குச் சென்றார். மக்கள் குறைந்த தீவு. எவருக்கு எப்போது என்ன நோய் வந்தது என்பதை அயலார் அறிவர். பெருநகரில் இவ்வாராய்ச்சி இயலுமா? ஊர் திரும்பியும் அவர் குறிப்பேட்டை மூடவில்லை. தம் பொறுப்பிலிருந்த சுமார் 3,500 மக்களிடையே 16 ஆண்டுகளில் கண்ட 192 அக்கி நோயாளிகளை வயதுவாரியாகப் பதிந்தார். வயது ஏற ஏற நோயும் மிகுவது புலனாயிற்று.

1965இல் அவர் தம் கருத்தை வெளியிட்டார். சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதனை அடக்கி வைக்கிறது. அவ்வாற்றல் ஓர் அளவிற்குக் கீழே தாழும்போது கிருமி விழித்து, நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகிறது. சிறு தீவுகளிலும் சின்னம்மை அற்றுப்போகாமைக்கு இது விளக்கமாயிற்று: குழந்தைப் பருவத்தில் பெற்ற கிருமியைப் பாட்டனார் பேரனுக்கு அளிக்கிறார். எளிய குறிப்பேட்டிலிருந்து பிறந்த இம்முடிபை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஜப்பானில் மிச்சியாக்கி தக்காஹாஷி சின்னம்மைக்குத் தடுப்பு மருந்து கண்டு 1974இல் அறிவித்தார். முதியோர்க்கான அக்கித் தடுப்பூசி 2006இல் வழக்கிற்கு வந்தது. இவற்றிற்கிடையே, 1984இல், ஒரே நோயாளிக்கு முன்பு வந்த சின்னம்மையின் கிருமியையும் பின்பு வந்த அக்கியின் கிருமியையும் மரபுப் பொருள் வாயிலாக ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். ஹோப்-சிம்சன் அதனைக் காண இருந்தார். 2003இல்தான் அவர் மறைந்தார்.